புகை விலக்கு

புகைச் சோதனைக் கொட்டகைக்குள் அந்தக் கிழட்டுக் கார் இருமிக்கொண்டே நுழைந்தது. நொடியில் கொட்டகை முழுக்கப் புகை.

“என்ன சார், கொசு மருந்து அடிக்க வந்தீங்களா?” என்றாள் பெண் ஆய்வாளர்.

காரிலிருந்து இறங்கிய பெரியவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு எகிறினார். “நாப்பது வயசு தாண்டின வண்டிக்குச் சோதனை கிடையாது. சட்டம் தெரியுமா, தெரியாதா?”

“தெரியும் சார். ஆனா பாகமெல்லாம் ஒரிஜினலா இருக்கணும்.”

பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து, துருவித் துருவிப் பார்த்தாள். ஒரு திருகாணிகூட மாறவில்லை.

“சரி, விலக்கு உண்டு. முதல்ல எஞ்சினை அணைங்க.”

அணைத்தார். புகை மட்டும் நிற்கவில்லை. இப்போது அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

“கையைக் காட்டுங்க சார்.”

காட்டினார். விரலிடுக்கில் சிகரெட். ஆனாலும் மனுஷன் அசரவில்லை.

“இந்த வண்டியைவிட நான் மூத்தவன். எனக்கும் விலக்கு உண்டுல்ல?”

“பல்லு செட்டு. முட்டி மாத்தினது. நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சு ஒரு மாசம்கூட ஆகல. வாயைத் தவிர உங்ககிட்ட எதுவுமே ஒரிஜினல் இல்ல” என்றாள். “மரியாதையா அதைக் கீழ போடுங்கப்பா. இல்லேன்னா அம்மாகிட்ட போட்டுக் கொடுத்துடுவேன்.”