எந்தப் புள்ளி

இரண்டு புள்ளிகளும் நேருக்கு நேர் நின்றன. ஆனாலும் மூடியைப் போட்டு முடுக்க எனக்குக் கை வரவில்லை.

சோழவந்தானில் கொடிக்கால் வைத்திருக்கும் ராமக்காளின் இன்ஜின் அது. வெற்றிலைக்குத் தண்ணீர் இறைக்கிற சின்ன பெட்ரோல் இன்ஜின். புதிதாக வாங்கி மூன்று வருடம் ஆகிறது, இதுவரை யாரும் பிரித்ததில்லை. புகை தள்ளுகிறது என்று நேற்றுத்தான் எங்கள் கடையில் முதன்முதலாகப் பிரித்தோம்.

உள்ளே கிராங்கில் ஒரு பல்சக்கரம், கேம் ஷாஃப்டில் ஒரு பல்சக்கரம். ஒவ்வொன்றிலும் கம்பெனிக்காரன் குத்திய புள்ளி ஒன்று. இரண்டையும் முகம் பார்க்க வைத்துக் கோத்தால் வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூடும். ஒரு பல் தள்ளிவிட்டால் போச்சு. இன்ஜின் இழுக்காது, ஸ்டார்ட் செய்ய இழுக்கும் கயிறு கையை வெடுக்கென்று பிடுங்கும்.

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் ராம்கிக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது. ஐ.டி.ஐ. படித்தவள் நான். வாடிப்பட்டியில் ‘பாண்டிமீனா இன்ஜின் ஒர்க்ஸ்’ என்று போர்டு எழுதி மாட்டியவர் அவர். பெண்டாட்டி பெயரில் கடையா என்று சிரித்தவர்களிடம் சண்டைக்கே போனவர்.

பன்னிரண்டு வருடத்தில் நான் பூட்டிய இன்ஜின் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இந்த ஒரு மாதத்தில் மூன்று வந்துவிட்டன. மூன்றிலும் ஒரு பல் தள்ளிப் பூட்டியிருக்கிறேனாம். மூன்றையும் அவர்தான் மறுபடி பிரித்துச் சரிசெய்தார்.

அவர் திட்டவில்லை. என் தலையைத் தடவி, “புள்ளிகூடத் தெரியலயா மீனா? கொஞ்ச நாள் வீட்ல இரு, நான் பாத்துக்கிறேன்” என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சொந்தக் கையே காலை வாரினால் யாரிடம் போய் முறையிட?

மதுரையில் பெண் விவசாயிகளுக்கு இன்ஜின் பழுதுபார்க்கச் சொல்லிக்கொடுக்க வரும்படி போன மாதம் எனக்குக் கடிதம் வந்திருந்தது. என் பெயருக்கு மட்டும். புள்ளி தெரியாதவள் ஊருக்குப் போய் என்னத்தைச் சொல்லிக்கொடுப்பது? ‘என்னால் வர இயலாது’ என்று காலையில் போனில் தட்டி வைத்தேன். அனுப்பத்தான் மனசு வரவில்லை.

வாசலில் உட்கார்ந்திருந்த ராமக்காள் மெல்லத் தொண்டையைக் கனைத்தாள்.

“கோவிச்சுக்காத தாயி. இத மட்டும் ராம்கி தம்பியப் போடச் சொல்லேன். ரெண்டு நாளாக் கொடி காயுது.”

சுருக்கென்றது. அவள் மேல் தப்பில்லை. ஆனால் அந்த ரோஷத்தில்தான் நான் கண்ணை நம்பாமல் பழைய முறைக்குப் போனேன்.

பிளக் ஓட்டைக்குள் ஒரு ஈர்க்குச்சியை விட்டு, கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். ஒரு வால்வு மூடி மற்றது திறக்கிற இடத்தில் பிஸ்டன் உச்சியில் இருக்க வேண்டும். குச்சி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இதையும் அவருக்குச் சொல்லித்தரப் பார்த்திருக்கிறேன். அதுதான் புள்ளி இருக்கிறதே என்று எழுந்து போய்விடுவார்.

அந்த இடத்தில் குச்சி உச்சிக்கு வரவில்லை. மறுபடி சுற்றினேன், அப்போதும் வரவில்லை.

கேமைக் கழற்றி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். புள்ளி பளபளவென்று இருந்தது. மூன்று வருடம் எண்ணெயில் ஊறிய இரும்பில் இப்படி ஒரு பளபளப்பா? பக்கத்துப் பல்லடியில் ஏதோ திட்டு. ஹேர்பின்னால் சுரண்டினேன். ஓட்டை அடைக்கிற எம்சீல் உதிர்ந்தது. அடியில் கறுத்துப்போன பழைய புள்ளி.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. கூடவே அழுகையும். என் கண்ணில் கோளாறு இல்லை, கையிலும் இல்லை. முந்தைய மூன்றிலும் இதே கதைதான் போல.

இது யார் செய்த வேலை என்று மனசு கேட்டது. கம்பெனியில் எவனோ தப்பாகக் குத்தித் திருத்தியிருப்பான் என்று அதன் வாயை அடைத்தேன். பாகங்களைக் கழுவித் துடைத்து எனக்கு அடுக்கித் தருகிறவர் அவர். பாவம், அவர் கண்ணிலும் படாமல் போயிருக்கிறதே என்றுகூட நினைத்தேன். அவர் வந்ததும் முதலில் அவரிடம்தான் சொல்ல வேண்டும். அவரைவிட இதற்குச் சந்தோஷப்படுகிறவர் யார்?

பழைய புள்ளிக்கு வைத்தேன். குச்சி உச்சிக்கு வந்து நின்றது. மூடியைப் போட்டு முடுக்கினேன். மீதியையும் பூட்டிக் கயிற்றை இழுத்தேன். ஒரே இழுப்பில் படபடவென்று பிடித்துக்கொண்டது. ராமக்காள் எழுந்து என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள்.

வீட்டில் சாப்பிட்டுவிட்டு, எனக்குத் தூக்குவாளியில் சாப்பாடு எடுத்துக்கொண்டு அவர் வந்தார். சத்தம் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார்.

நான் சிரித்துக்கொண்டே அவரை நோக்கி ஓடினேன். வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“எந்தப் புள்ளிக்கு வச்ச?”

கேமில் இரண்டு புள்ளி இருக்கிறது என்று நான் இன்னும் சொல்லவே இல்லை.