இரத்தப் பொருத்தம்

நூற்று அறுபது என்று காட்டியது கருவி. இன்றைக்கு இது மூன்றாவது தடவை.

டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். எதிரே இருந்த சுரேகாவுக்கு இருபத்து நாலு வயது, ஒடிசலான உடம்பு, விடிந்தால் ஓட்டம், பல்கலைக்கழக நெட்போல் அணியில் வேறு ஆடியவள். ஸ்கேனிலும் ஒரு குறை இல்லை. இந்தப் பெண்ணுக்கு ஏன் இவ்வளவு பிரஷர் என்பது டொக்டருக்கே பிடிபடவில்லை.

சுரேகாவின் அம்மா சரோஜாதேவிக்கு ஏன் என்பது வேண்டாம். எப்போது இறங்கும், அதுதான் வேண்டும். இறங்கினால்தான் மகளின் சிறுநீரகம் ஒன்றை எடுத்து மகன் தயாபரனுக்கு வைக்கலாம்.

இரத்தம் பொருந்துகிறது என்று தெரிந்த அன்று, மாப்பிள்ளை வீட்டார் சம்மதம் சொன்ன மாதிரி சித்தப்பா கேசரி வாங்கி வந்தார். அதற்குப் பிறகு சுரேகாவின் சோற்றில் உப்பில்லை. கருவாட்டைக் கண்ணில் காட்டுவதில்லை. ஓடவும் விடவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள் என்று வருகிறவர் போகிறவரெல்லாம் சொன்னார்கள். அவளுக்குள் இருந்த அண்ணனின் பொருளைத்தான் அப்படி விசாரித்தார்கள்.

அண்ணன் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு, தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் மரக்கறி லொறி ஓட்டியதால்தான் அவள் பட்டதாரி ஆனாள். அதைச் சொல்லிக்காட்டாத வாய் சொந்தத்தில் இல்லை. அவன் மட்டும் சொன்னதில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கொடுக்கிறாயா என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை சரி என்றே சொல்லியிருப்பாள்.

டொக்டர் அம்மாவை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினாள்.  பிறகு, கொடுக்க விருப்பமா என்று சிங்களத்தில் கேட்டாள்.

சுரேகா, இல்லை என்று தலையை மட்டும் அசைத்தாள். எந்தக் காலத்திலோ உள்ளே இழுத்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

டொக்டர் மறுபடியும் அவள் கையில் பிரஷர் பட்டியைச் சுற்றினாள்.

நூற்றுப் பதினாறு.

இரண்டு பேரும் அந்த எண்ணையே பார்த்தார்கள். கத்தி வைக்க இதைவிடத் தோதான எண் கிடையாது.

"வெளியில எவ்வளவுன்னு சொல்லட்டும், நங்கி?" தங்கச்சியைக் கேட்பது போலக் கேட்டாள் டொக்டர்.

கூட்டிச் சொல்லுங்கள் என்றாள் சுரேகா. அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. டொக்டருக்குக் கேட்டுவிட்டது.

அம்மாவை உள்ளே கூப்பிட்டு, பிரஷர் இறங்கவே இல்லை, இந்த மகளிடமிருந்து எடுக்க முடியாது என்று முகம் மாறாமல் சொன்னாள் டொக்டர். அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழப்போகிறாள் என்று சுரேகா காத்திருந்தாள்.

அம்மா அழவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"அப்ப இவ தங்கச்சி, சின்னவளக் கூட்டிட்டு வாறேங்க மிஸ். அவளுக்கும் அதே ரத்தந்தான். போன மாசந்தான் பதினெட்டு முடிஞ்சிச்சு."

கதவுவரை போயிருந்த சுரேகா திரும்பி வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையை மேலே சுருட்டினாள்.