மாதிரிப் படம்

“அப்பா, செத்தவங்க படத்துல மட்டும் ஏன் எல்லாரும் சிரிக்கிறாங்க?”

மகள் கணினித் திரையைக் காட்டி அப்படிக் கேட்ட அன்று நிமலன் சிரித்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான். இன்று அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. மொனராகலையிலிருந்து வந்த வேன் ஒன்று அவனுடைய கடை வாசலில் நின்றது. கையில் மாலையோடு இறங்கிய றிச்சர்ட் கத்தினார்.

“எழவுக்குன்னு போனா, அவ மலையில கொழுந்து பறிக்கிறாளாம்! உசிரோட இருக்கிற எங்கக்காவுக்கு கண்ணீர் அஞ்சலி போட்டவன் எவன்டா?”

ஹல்துமுல்லையில் போட்டோக் கடை வைத்திருந்த நிமலன், ஒரு வருடமாக ஒரு செயலி செய்துகொண்டிருந்தான். கணினி தெரியாதவர்களும் ஒரு மாதிரிப் படத்தைத் தொட்டு, இரண்டு வார்த்தை பேசினால் போதும். கடை விளம்பரமோ, பிறந்தநாள் வாழ்த்தோ, மரண அறிவித்தலோ தானாகத் தயாராகிப் பேஸ்புக்கில் போய்விடும். தேயிலைத் தோட்டத்தில் சிலருக்கு அதைச் சோதித்துப் பார்க்கவும் கொடுத்திருந்தான்.

மரண அறிவித்தலுக்கு மாதிரியாக அவன் வைத்திருந்தது, கொஸ்லந்தயில் கொழுந்து பறிக்கும் அந்தோனியம்மா மாதா கோயில் திருவிழாவில் சிரித்த படம். கீழே அவள் பெயரையே போட்டிருந்தான். நேற்று மாலை அது அப்படியே ஊரெல்லாம் போய்விட்டது. யாராவது தெரியாமல் அமுக்கினார்களா, தன் கைதான் தவறியதா என்று அவனுக்கே தெரியவில்லை.

“கொழுந்தோட முத்தல் எலயக் கலந்து அரப்பேரு வாங்கினவதானே ஒங்கம்மா? நீ வேற எப்படி இருப்ப!” என்றார் றிச்சர்ட்.

நிமலன் தலைகுனிந்தான். அம்மாவின் அரைநாள் கூலியை வெட்டிய அந்தப் பழி, அவள் இறந்த பிறகும் தீரவில்லை.

அதற்குள் கூடிவிட்ட கூட்டத்திலிருந்து பேக்கரி அஸீஸ் முன்னால் வந்தார். அவர் வாங்கினால்தான் மற்றக் கடைக்காரர்களும் செயலியை வாங்குவார்கள். “உள்ளதச் சொல்லுங்க நிமலன். இது ஒங்கட சாமான்ட பிழையா?”

அவன் வாயெடுக்கும் முன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்தோனியம்மா வந்தாள். செய்தி கேட்டதும் மலையிலிருந்து அப்படியே பஸ் ஏறியிருக்க வேண்டும். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை.

“தம்பிய ஏன்டா ஏசுற? நான்தான் அமுக்கிட்டேன். என் மொகம் நல்லா சிரிச்சிக்கிட்டு இருந்துச்சு, ஆசையில தொட்டேன். அது எழவு நோட்டீசுன்னு நான் என்னத்தக் கண்டேன்?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. “தன் எழவுக்குத் தானே ஆள் கூப்பிட்டவ நீ ஒருத்திதான்!” றிச்சர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எத்தன தடவ அடிச்சேன், எடுத்தியா?”

“கொழுந்து நிறுக்கிற நேரம். போனு வெத்தலப் பையில, சுண்ணாம்பு டப்பிக்குக் கீழ கெடந்துச்சு. அந்த மாலைய மாதாவுக்குப் போடுடா, எனக்கு இன்னும் நாளிருக்கு.”

“அப்ப சாமான்ல பிழையில்ல” என்றார் அஸீஸ். “நாளைக்கு நம்ம பேக்கரிக்கு ஒண்டு செஞ்சி தாங்க.”

கூட்டம் கலைந்தது. வேன் கோயில் பக்கம் திரும்பியது. நிமலன் நாற்காலியை இழுத்து அந்தோனியம்மாவை உட்காரவைத்தான்.

“போனக் குடுங்கம்மா. இனிமே கை தவறாம இருக்க, ரெண்டு தடவ கேட்டுட்டுப் போற மாதிரி செஞ்சி தர்றேன்.”

அந்தோனியம்மா வெற்றிலைப் பையை அவிழ்த்து, உள்ளே இருந்ததை எடுத்து மேசையில் வைத்தாள். எண்கள் தேய்ந்துபோன பழைய பட்டன் போன்.

அதில் எந்தச் செயலியும் ஓடாது. நேற்று மாலை அந்த மாதிரியைக் கடைசியாகத் தொட்டது தன் விரல்தான் என்பது நிமலனுக்கு இப்போது நினைவுக்கு வந்தது.

“நீங்க அமுக்கவே இல்லயே... அப்புறம் ஏம்மா ஒத்துக்கிட்டீங்க?”

அவள் வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை. போனை எடுத்துத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“அன்னிக்கு கங்காணிகிட்ட ஒங்கம்மாவும் இப்படித்தான் ஒத்துக்கிட்டா. முத்தல் எல இருந்தது என் கூடையில, தம்பி.”