தளர்ந்து கிடந்த தந்திகள்

நான்கு தந்திகளும் நைந்த கொடிக்கயிறுபோலத் தொய்ந்து கிடந்தன. அவற்றைத் தாங்கி நிற்க வேண்டிய குதிரைக் கட்டையைக் காணோம். ஃபிளோரா டீச்சர் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஆளைவிட உயரமான, வயலின் வடிவத்திலான அவளுடைய டபுள் பேஸை யாரோ கம்பளி விரித்து அதன்மேல் பக்கவாட்டில் கிடத்தியிருந்தார்கள். கழற்றிய குதிரை ஒரு துண்டில் சுற்றி அருகில் வைக்கப்பட்டிருந்தது. செய்வதையும் செய்துவிட்டு இந்த மரியாதை வேறா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கழுத்தைப் பிடித்து மெல்லத் தூக்கினாள். பேஸின் வயிற்றுக்குள் ஏதோ கடகடவென்று உருண்டது. அப்படியே திரும்பக் கிடத்தினாள்.

நேற்று மாலை எல்லாருடைய பேஸ்களையும் வேனில் கொண்டுவந்து, பாளையங்கோட்டைப் பள்ளி அரங்கத்தின் இந்தப் பின்னறையில்தான் வைத்துப் பூட்டினார்கள். தென்மாவட்டத்து பேஸ் கலைஞர்கள் முதன்முதலாக ஒன்றுகூடும் நாள் இது. எந்தக் கடையில் நல்ல தந்தி வந்திருக்கிறது, வில்லுக்கு முடி மாற்றித் தர யார் இருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் மட்டுமே பேசி வந்தவர்கள், சாயங்காலம் ஒரே மேடையில் வாசிக்கப் போகிறார்கள். நடுவில் ஒரே ஒரு தனி வாசிப்பு. அது ஃபிளோராவுக்கு.

அது மார்ட்டினுக்குத்தான் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். கடற்கரை ஊர்க்காரர், மாதா கோயில் பாடகர் குழுவில் வாசித்தே வளர்ந்தவர். பெயர் அறிவித்த அன்று ஃபிளோராவைப் போனில் கூப்பிட்டு, "அந்த உருப்படி ஒனக்குக் கைக்கு வராது தாயி" என்றார். அன்றைக்கே அவர் எண்ணை அவள் பிளாக் செய்துவிட்டாள்.

இப்போது மூலையில் அவருடைய பேஸ் இல்லை.

காவலாளி தேவேந்திரனைக் கேட்டாள். மார்ட்டின் சார் விடிந்ததும் விடியாததுமாகச் சாவி வாங்கினார், உள்ளே கொஞ்ச நேரம் இருந்தார், பிறகு தன் பேஸை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார், முகமே சரியில்லை என்றான்.

குழுவை நடத்துபவர் கோபாலசுப்பிரமணியன். கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாரையும் அதட்டத் தெரியாதவர். விஷயம் கேட்டு ஓடி வந்து, உடனே மார்ட்டினுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"பதறாதேம்மா. அவர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடலாம்."

"இன்னும் என்ன சார் கேக்கணும்? குழுவுல ஒண்ணு அவரு இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன்."

அந்த நேரத்தில்தான் மேலப்பாளையத்து ரசீத் பையோடு வந்து சேர்ந்தார். வாத்தியங்களைப் பழுது பார்ப்பவர். சார்தான் வரச் சொல்லியிருப்பார் என்று ஃபிளோரா நினைத்துக்கொண்டாள். ரசீத் நேராகப் போய்ப் பேஸின் முன்னால் மண்டியிட்டு, துளை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தார்.

"தூணுதான், டீச்சர். பொளந்து விழுந்து கெடக்கு. வேற மாத்தணும். பைய செய்யுற வேல, கொஞ்சம் வெளிய இருங்க."

மேல்பலகை அமுங்காமல் உள்ளிருந்து தாங்கும் கட்டைவிரல் பருமனான மரத்தூண் அது. அது நிற்காவிட்டால் பேஸுக்குக் குரலே கிடையாது. ரசீத் பையிலிருந்து வேறொரு தூணை எடுத்து, நுனியைச் சீவிச் சீவி அளவு பார்க்கத் தொடங்கினார்.

அரங்கத்தில் மற்றவர்கள் சுருதி சேர்க்கும் சத்தம் கேட்டது. ஃபிளோராவால் வராந்தாவில் நிலைகொள்ள முடியவில்லை. போனை எடுத்தாள். தனி வாசிப்பு கிடைக்காத வயிற்றெரிச்சலில் மார்ட்டின் என் பேஸை நாசமாக்கிவிட்டு ஓடிவிட்டார் என்று குழுவில் எழுதினாள். கை கூசாமல் அனுப்பினாள்.

பதில்கள் வந்து குவிந்தன. இப்படியும் ஒரு மனுஷனா என்றார் ஒருவர். இனி அவருக்கு எந்த மேடையிலும் இடம் கொடுக்கக் கூடாது என்றார் இன்னொருவர். கோபாலசுப்பிரமணியன் போனைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். ஃபிளோரா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் அவர் விரல் அசைந்தது. மார்ட்டின் நீக்கப்பட்டார் என்று திரையில் வந்தது.

உள்ளேயிருந்து ரசீத் கூப்பிட்டார்.

குதிரை நின்றது. தந்திகள் விறைப்பாக ஏறியிருந்தன. ஃபிளோரா அடித்தந்தியில் வில்லை வைத்து இழுத்தாள். காலடியில் தரை அதிர்ந்தது. இத்தனை வருஷத்தில் அவள் பேஸ் இப்படி முழங்கியதில்லை.

"நல்ல வேள, தந்தி பூராத்தையும் ஒடனே எறக்கி விட்டுருக்கு" என்றார் ரசீத். "நேத்து வேன் குலுக்குனதுல தூணு விழுந்திருக்கும். அதுக்கப்பறமும் தந்தி இறுக்கமாவே இருந்திருந்தா மேப்பலக அமுங்கி நொறுங்கியிருக்கும். அப்பறம் நானும் ஒண்ணும் செய்ய முடியாது."

வில் அப்படியே நின்றது. அரங்கத்தில் கேட்ட சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் போனதுபோல் இருந்தது அவளுக்கு.

"இப்படி வெளஞ்ச கட்ட..." உள்ளே தூண் நின்ற இடத்தைத் தொட்டாள். "இந்த அவசரத்துல ஒங்களுக்கு எங்க கெடச்சிது?"

ரசீத் உளியைத் துடைத்துப் பைக்குள் வைத்தார்.

"மார்ட்டின் அண்ணாச்சி அவுக பேஸ்ல இருந்து கழத்திக் குடுத்தாவ, டீச்சர்."