ஆள் இருக்கிற ஊர்

கொழும்புக்குப் போய் ஆரூரன் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தான் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து யோகாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஊர் ஒன்றியத்தின் கூட்டத்துக்குப் புறப்படும் முன்னர், மெல்பேர்ண் புறநகர் ரோவிலில் தன் வீட்டுக் குசினியில் நின்றபடி அவனுக்கு இன்னொரு தடவை போன் எடுத்தாள்.

"றிசல்ட் வந்திட்டுதோடா?"

"அதை என்ரை கையில தரமாட்டாங்களாம், அக்கா. தாங்களே அனுப்புவாங்களாம். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

யோசிக்காமல் இருப்பதா? முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள் அவள். நோயாளியின் கையிலேயே கொடுக்க முடியாத றிசல்ட் என்றால் அது எப்பேர்ப்பட்ட றிசல்ட் என்று அவளுக்குத் தெரியாதா! முகத்தைக் கழுவிக்கொண்டு காரை எடுத்தாள்.

ஆரூரன் அவளுக்குச் சொந்தக்காரன் இல்லை. அவளுடைய ஊரான தாழைமுனையின் மருந்தகத்தில் மிச்சமிருக்கிற ஒரே தாதி, ஒரே நர்ஸ். டொக்டர் எப்போதாவது வருவார். காய்ச்சல், பாம்புக்கடி, யோகாவின் தாய்க்குக் காலில் ஆறாத சர்க்கரைப் புண் எல்லாம் அவன் தலையில்தான். அவனைப் படிக்கவைத்தது ஒன்றியம். ஒன்றியத்துக்கு அறிக்கை எழுதவேண்டுமே என்று இரவிரவாகப் போனில் இங்கிலீசு சொல்லிக்கொடுத்தவள் யோகா.

ஒன்றியம் என்பது அந்தக் கரையோர ஊர்களிலிருந்து ஐந்து நாடுகளுக்குச் சிதறிப்போனவர்கள் சேர்ந்து நடத்துவது. இதுவரை எல்லா ஊருக்கும் அபிவிருத்தி நிதியில் சமபங்கு. வருகிற ஆண்டிலிருந்து அது வேண்டாம், ஆள் இருக்கிற ஊருக்கு மட்டும் கொடுப்போம் என்று மெல்பேர்ண் கிளைத் தலைவர் சிறிதரன் ஒரு சீர்திருத்தத்தோடு வந்திருந்தார்.

"ஆளில்லாத ஊருக்கு என்னத்துக்கு அபிவிருத்தி?" என்றார் அவர், பள்ளிக்கூட மண்டபத்து மேடையில் நின்று. "நாங்கள் படிக்கவைக்கிற பிள்ளையள் எல்லாம் பிளேன் ஏறுதுகள். தாழைமுனை மருந்தகத்தை மூடிப்போட்டு, அந்தக் காசை டவுன் ஆஸ்பத்திரிக்குக் குடுப்பம்."

வீடியோவில் சேர்ந்திருந்த நோர்வேக் கிளைக்காரர் திரையில் தலையாட்டினார். நடுச்சாமத்தில் எழுப்பிவிட்ட எரிச்சலில் கனடாக்காரரும் தலையாட்டினார்.

யோகா கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பினாள். "பிளேன் ஏறினது ஆர், சிறி அண்ணை? நீங்களும் நானும்தானே! ஊரை ஆளில்லாமல் ஆக்கினதும் நாங்கள், ஆளில்லையெண்டு காசை நிப்பாட்டுறதும் நாங்களோ?"

அவள் அதோடு விடவில்லை.

"அங்க ஒருத்தன் நிண்டு பிடிக்கிறான். எங்கட சனத்துக்கு மாரடிச்சு மாரடிச்சே நெஞ்சில வருத்தம் வந்து, கொழும்பில எக்ஸ்ரே எடுத்துப்போட்டு நிக்கிறான். றிசல்ட்டைக்கூட அவன்ரை கையில குடுக்கமாட்டாங்களாம். அவனையோ கைவிடச் சொல்லுறியள்?"

"எக்ஸ்ரேயோ?" சிறிதரன் கண்ணாடியைக் கழற்றினார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், முன்வரிசையில் ஒரு அன்ரி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைப்பதைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டார்.

"சரி, யோகா. ஒரு நிபந்தனை. ஆரூரன் ஊரில நிக்குமட்டும் மருந்தகத்துக்கு நிதி. அவன் வெளிக்கிட்டால் தாழைமுனை திட்டத்தால நீங்கும், பிறகு ஒருநாளும் சேராது. இதுக்கு ஆர் பொறுப்பு?"

"நான்!" என்றாள் யோகா. "அவன் போகமாட்டான். என்ரை தாயின்ரை காலே அவன்ரை கையிலதான் இருக்கு."

கைகள் மளமளவென்று உயர்ந்தன. கனடாக்காரரும் ஒரு கொட்டாவியோடு கையைத் தூக்கினார்.

தேத்தண்ணி நேரத்தில் சிறிதரனே ஒரு கோப்பையைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார். "வடிவா யோசிச்சுத்தான் சொன்னீரோ?"

"காசைமட்டும் நம்பாமல் கொஞ்சம் மனுசரையும் நம்பிப் பழகுங்கோ, அண்ணை," என்று முகத்திலடித்தாற்போல் சொல்லிவிட்டு வந்தாள். தேத்தண்ணியைத் தொடவில்லை.

வீடு திரும்பும் வழியில் போன் அடித்தது. ஆரூரன்தான். காரை ஓரங்கட்டிவிட்டு எடுத்தாள்.

"அக்கா, எக்ஸ்ரேயில ஒண்டும் இல்லையாம்! எல்லாம் கிளியர்!"

அம்மாளாச்சி! ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து யோகா விம்மி விம்மி அழுதாள். பிறகு அழுகையும் சிரிப்புமாகக் கொட்டித் தீர்த்தாள்.

"உனக்காக இண்டைக்கு எல்லாரோடையும் சண்டைபிடிச்சன் தெரியுமோ! மருந்தகத்துக்கு நிதி வருது. நீ நிப்பாயெண்டு சபையில வாக்குக் குடுத்திட்டன். எப்பவடா ஊருக்குப் போறாய்? அம்மாவின்ரை புண்ணுக்கு மருந்து கட்டவேணும், உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறா."

ஆரூரன் மெல்லச் சொன்னான்.

"எக்ஸ்ரே எடுத்தது விசாவுக்கு. அது வந்திட்டுது, அக்கா... உங்கட நாட்டில, தாதி வேலைக்கு ஆளில்லாத ஒரு ஊருக்கு."