ஐந்தாவது ஜோடி

சொரிமுத்துவின் உயிர் எழுநூற்று ஐம்பது ரூபாய். மின்சார வேலைக்கான ரப்பர் கையுறை ஒரு ஜோடி அந்த விலைதான். குத்துக்கல்வலசையில் என் மர அறுவை மில்லில் மெஷின் வேலைக்கு ஐந்து பேர். கடைக்காரர் விலையைக் குறைக்காததால் நான்கு ஜோடியோடு நிறுத்திக்கொண்டேன்.

சாரல் பெய்த ஒரு காலையில், ஐந்தாவது ஆளான சொரிமுத்து ஈரக் கையோடு ஸ்விட்ச் போர்டைத் தொட்டு இறந்தான். மறுநாளே போர்டில் ‘கையுறையின்றித் தொடாதே’ என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். கையுறை வாங்கியவர் பெயர் எழுதும் நோட்டில் முன்தேதி போட்டு அவன் பெயரையும் சேர்த்தேன்.

அவன் மனைவி வடிவம்மாள் வந்தாள். “அவுகளுக்குக் கையுறை குடுத்தியளா, அண்ணாச்சி?”

“குடுத்தேம்மா. அவன்தான் போடல.”

“கல்யாணச் செருப்பையே தேயுற வரைக்கும் போட்டவுக. குடுத்தா போடாமலா இருப்பாக?”

நான் நோட்டைத் திறந்து அவன் பெயரைக் காட்டினேன்.

அன்று மாலை நால்வரும் கையுறைகளைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்கள். நோட்டு எழுதும் பேராச்சி எண்ணிப் பார்த்தாள்.

“ஆளு நாலு, ஜோடி அஞ்சு. புதுசு வாங்குனியளா அண்ணாச்சி? நீங்களா?” என்று சிரித்தாள்.

நான் வாங்கவில்லை. ஐந்தாவது ஜோடிக்குள் விரலை விட்டேன். உள்ளே வியர்வை ஈரம். சூடுகூட ஆறவில்லை.

“என்ன எழுத?” என்றாள்.

அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். எழுதிக்கொண்டாள்: கொடுத்தது ஐந்து, திரும்பியது ஐந்து.