சிவப்பில் ஒரு வரி

"திருட்டுப் பய! ஒரு கமாவக்கூட விட்டு வைக்கல, பாருங்க!"

காஞ்சனா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக் கதவு திறந்து, நமக்கேன் வம்பு என்று மறுபடி மூடிக்கொண்டது. அவள் தமிழில் எழுதும் வலைப்பதிவை எவனோ தெலுங்கில் அப்படியே பெயர்த்துப் போட்டுக்கொண்டிருந்தான். எழுதியவள் பெயரும் இல்லை, நாலு வார்த்தை கமெண்டில் திட்ட வழியும் இல்லை.

கணவன் ஷ்யாம் ஐடிக்காரன். வேறு வழியில்லாமல் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு ஒரு புரோகிராம் எழுதினான். அது இரண்டு வலைப்பதிவுகளின் சமீபத்திய பதிவுகளையும் இழுத்துவந்து, தெலுங்கைத் தமிழாக்கி, வரிக்கு வரி ஒப்பிட்டது. ஒத்துப்போனால் பச்சை, இல்லாவிட்டால் சிவப்பு.

திரை பச்சைப்பசேலென்று இருந்தது.

"ஒரே ஒரு வரிதான் சிவப்பு" என்றான் ஷ்யாம். "போவன்பள்ளி மார்க்கெட் பதிவுல, 'தக்காளிப் பையை நானே சுமந்தேன், மகள் போனைப் பார்த்துக்கொண்டே வந்தாள்'னு எழுதியிருக்க. அவன் 'மகள்தான் சுமந்தாள்'னு மாத்திட்டான்."

"என் எழுத்தத் திருத்த அவன் யாரு? பக்கத்துல நின்னு பாத்தானா?"

ஆத்திரத்தில் காஞ்சனாவுக்கு அழுகையே வந்துவிட்டது. "மாங்கு மாங்குன்னு எழுதறேன். இந்த வீட்ல ஒருத்தராவது படிச்சதுண்டா? நீங்க லைக் போடறதோட சரி. பெத்த பொண்ணு எட்டிக்கூடப் பாத்ததில்ல. எவனோ நோகாம அள்ளிட்டுப் போறான்!"

அந்தப் பெற்ற பெண் ஹர்ஷிதா, சோபாவில் கிடந்தபடி ஹெட்போனைக் கழற்றினாள். ஹைதராபாத்திலேயே பிறந்து படித்தவள். தமிழில் திட்டு வாங்கினாலும் தெலுங்கில்தான் பதில் சொல்வாள்.

"புகார் குடுங்க. அந்த வலைப்பதிவே இருக்கக் கூடாது. மொத்தமா அழிக்கணும்!"

ஷ்யாம் புகாரைத் தட்டச்சு செய்து முடித்தான். அனுப்பப் போகிற நேரத்தில் ஹர்ஷிதா வேண்டாமென்று பாய்ந்து வந்து மவுசைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வத்து டாடி, வத்து!"

"உனக்கென்னடி வந்தது? திருடனுக்கு வக்காலத்தா?" காஞ்சனா கையை ஓங்கிவிட்டாள்.

ஹர்ஷிதா மவுசை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, அதிசயமாகத் தெலுங்கு கலந்த தமிழில் வாயைத் திறந்தாள்.

"எனக்குத் தமிழ் எழுத்து வராது கதா மம்மி, கம்ப்யூட்டர்ல தெலுங்குக்கு மாத்தாம வேற எப்படிப் படிக்கறது?"